மஜுரோ எங்கே இருக்கிறது? பசிபிக் தீவு நாடுகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

துவாலு நாட்டுக்காரர்கள் ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் போய்க் குடியேறலாம் என்ற ஒப்பந்தத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். முழுக்க பசிபிக் தீவு நாடுகள்தான்.

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன் சார். வந்து போகிற கப்பல்கள் பலவற்றின் பின்பக்கம் ‘மஜுரோ’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஊர் எங்கே இருக்கிறது? அவர்களிடம் அவ்வளவு கப்பலா?
- வாசகர், தூத்துக்குடி

மார்ஷல் தீவுகள் நாட்டின் தலைநகரம் மஜுரோ. ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது. நாட்டின் மொத்த மக்கள்தொகையே 2021 கணக்கெடுப்பின்படி 42,000 சொச்சம்தான். ஆனால் கப்பல் பதிவில் லைபீரியா, பனாமாவோடு சேர்த்து உலகின் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற நாடு அது. நீங்கள் பார்த்த கப்பல்களில் பெரும்பாலானவை மஜுரோ பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. முதலாளி கிரேக்கராக இருப்பார், கப்பல் கொரியாவில் கட்டியதாக இருக்கும், மாலுமிகள் நம் ஊர்ப் பையன்களாக இருப்பார்கள், கொடி மட்டும் மார்ஷல் தீவுகளுடையது. அந்தப் பதிவு வேலையை நடத்துவதே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஒரு நிறுவனம்தான். கட்டணத்தில் ஒரு பங்கு மார்ஷல் அரசுக்குப் போகிறது.

நீங்கள் துறைமுகத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும். 2022 ஆகஸ்டில் ‘ஹீரோயிக் ஈடுன்’ என்ற எண்ணெய்க் கப்பலை, நைஜீரியா கேட்டுக்கொண்டதால், ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினி பிடித்து வைத்தது. அதிலிருந்த 26 பேரில் 16 பேர் இந்தியர்கள், 8 பேர் இலங்கையர்கள். கப்பல் பறக்கவிட்டது மார்ஷல் தீவுக் கொடி என்பதால் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிற உரிமை அந்தச் சின்ன நாட்டுக்குத்தான் இருந்தது, அவர்களும் போனார்கள். அதற்குள் கப்பலை நைஜீரியாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள், 2023 மே மாதம்தான் எல்லாரும் விடுபட்டார்கள். வீட்டிலிருந்து யாராவது கப்பல் வேலைக்குப் போனால் சம்பளத்தோடு சேர்த்து, கப்பல் எந்தக் கொடி என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பசிபிக் தீவு நாடுகள் மொத்தம் எத்தனை? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு எண் இருக்கிறது.
- வாசகி, திருச்சி

ஆஸ்திரேலியா, நியூசிலாந்தை விட்டுவிட்டால் ஐ.நா. உறுப்பினர்கள் 12: பிஜி, கிரிபாஸ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி, நவுரு, பலாவ், பாப்புவா நியூ கினி, சமோவா, சாலமன் தீவுகள், டோங்கா, துவாலு, வனுவாட்டு. நியூசிலாந்தோடு சுதந்திர இணைப்பில் இருக்கும் குக் தீவுகளையும் நியுவேயையும் சேர்த்தால் 14. இந்திய அரசு 2014-ல் பிஜியின் தலைநகர் சுவாவில் தொடங்கிய இந்திய-பசிபிக் தீவுகள் மன்றத்தில் இந்த 14 நாடுகள்தான் இருக்கின்றன, அதனால் 14 என்று படித்துக்கொள்வது நல்லது. எழுத்தைப் பார்த்துப் பலர் ‘கிரிபாட்டி’ என்கிறார்கள், அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபாஸ்.

ஆறு கிடையாது, மலை கிடையாது, கடல் நடுவில் ஒரு மண் திட்டு. அங்கே குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது? அந்தத் திட்டுதான் எப்படி வந்தது?
- பள்ளி ஆசிரியர், தேனி

எல்லாத் தீவும் அப்படி இல்லை. பிஜி, சமோவா, வனுவாட்டு எல்லாம் எரிமலைத் தீவுகள். மலை, ஆறு, நல்ல மண் எல்லாம் உண்டு. நீங்கள் கேட்பது துவாலு, கிரிபாஸ், மார்ஷல் போன்ற பவளத் தீவுகளை. மாலத்தீவும் நம் லட்சத்தீவும் இதே ரகம்.

இவை எப்படி வந்தன என்பதற்கு டார்வின் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை. கடலிலிருந்து ஒரு எரிமலை எழும்புகிறது, அதன் கரையைச் சுற்றிப் பவளப்பாறை வளர்கிறது, பிறகு எரிமலை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துபோகிறது, ஆனால் பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்துகொண்டே இருக்கிறது, கடைசியில் மலை காணாமல்போய் வளையம் மட்டும் மிஞ்சுகிறது, நடுவில் காயல். இதைச் சோதித்துப் பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை, இன்றைக்கு துவாலுவின் தலைநகரமாக இருக்கும் ஃபுனாஃபுட்டியில் துளை போட்டது. முந்நூறு மீட்டருக்கு மேல் தோண்டியும் பவளச் சுண்ணாம்புதான் வந்தது, எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. 1952-ல் மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் துளைத்தபோதுதான், ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் கீழே, எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் சொல்லி நூறு வருஷம் கழித்து. (எனிவெடாக்கில் ஏன் துளைத்தார்கள் என்றால், அங்கே அமெரிக்கா அணுகுண்டு வெடித்துக்கொண்டிருந்தது. 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 சோதனைகள். அந்த மக்களின் துயரத்தை அடைப்புக்குறிக்குள் முடிக்க எனக்கு மனமில்லை, அதற்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும்.)

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மழைநீர் பவளத் தரைக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீர்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் எடை குறைவு என்பதால் சட்டென்று கலந்துவிடாது. தீவு அகலமாக இருந்தால் இந்த நன்னீர்ப் படலம் தடிமனாக இருக்கும், ஒடுக்கமாக இருந்தால் மெல்லிசாக இருக்கும். துவாலுவின் தலைநகரம் இருக்கும் ஃபோங்காஃபாலே தீவு அதிகபட்சமே நானூறு மீட்டர் அகலம்தான், சில இடங்களில் ஒரு பக்கம் கடலலையும் மறுபக்கம் காயலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், நடுவில் ஒரே ஒரு சாலை. அங்கே கிணற்றை நம்ப முடியாது. வீட்டுக்கு வீடு கூரையிலிருந்து குழாய் இறக்கி மழைநீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். 2011-ல் மழை பொய்த்து நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று, நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கின.

விவசாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவ்வளவு சாமர்த்தியமான வேலை. துவாலுக்காரர்கள் ‘புலாக்கா’ என்ற பெரிய சேம்பு வகையைப் பயிர் செய்கிறார்கள். பவளத் தரையை நன்னீர் மட்டம் வரைக்கும் தோண்டிப் பெரிய குழியாக்கி, இலை தழைகளைப் போட்டு மட்க வைத்து, மண் இல்லாத ஊரில் மண்ணைத் தாங்களே உண்டாக்கி, அதில் நடுகிறார்கள். ஒரு குழி தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருக்கும். அந்தக் குழிகளில் இப்போது உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

துவாலு மூழ்குகிறது என்கிறார்கள். பரப்பளவு கூடியிருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எது உண்மை?
- வாசகர், ஓசூர்

இரண்டுமே உண்மைதான். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 1971 முதல் 2014 வரையிலான வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து துவாலுவின் 101 தீவுத் திட்டுகளை அளந்தார்கள். மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. அலையும் புயலும் பவளத் துண்டுகளையும் மணலையும் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன, தீவுகள் இடம் பெயர்கின்றன, உருவம் மாறுகின்றன. 2018-ல் வெளியான ஆய்வு இது. நல்ல ஆய்வு, பொய் இல்லை.

அதை வைத்துக்கொண்டு ‘கடல் மட்டம் உயர்வதெல்லாம் கட்டுக்கதை’ என்று வீடியோ போடுகிறார்களே, அதுதான் தவறு. அதே ஆய்வு, அந்தக் காலத்தில் துவாலுவில் கடல் மட்டம் உலகச் சராசரியைப்போல் இரு மடங்கு வேகத்தில் உயர்ந்ததையும் சொல்கிறது. பரப்பளவு என்பது ஒன்று, குடியிருக்க முடிவது என்பது வேறு. ஆள் இல்லாத திட்டில் மணல் சேர்ந்தால் தலைநகரத்தில் இருப்பவருக்கு என்ன பிரயோசனம்? ஆண்டு தொடக்கத்தில் பெரிய ஓதம் வரும்போது ஃபுனாஃபுட்டியில் தண்ணீர் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, தரைக்கு அடியிலிருந்தே பொங்கிவருகிறது. பவளத் தரை முழுக்கத் துளைகள், கடல் ஏறினால் வீட்டு முற்றத்தில் ஊற்று எடுக்கிறது. கரையில் சுவர் கட்டினால் அலையைத் தடுக்கலாம், அடியிலிருந்து வருவதை எப்படித் தடுப்பது? அதனால்தான் இப்போது காயல் பக்கம் மணலைக் கொட்டி உயரமான புதிய நிலத்தை உருவாக்கியிருக்கிறார்கள், முதல் கட்டத்தில் ஏழு ஹெக்டேருக்கு மேல் முடிந்திருக்கிறது.

2021-ல் அவர்களுடைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி பருவநிலை மாநாட்டுக்கு உரை பதிவு செய்து அனுப்பினார், படம் உலகம் முழுக்கச் சுற்றியது. பலர் அதை விளம்பரம் என்றார்கள். விளம்பரம்தான். 11,000 பேர் இருக்கும் நாடு வேறு எப்படித்தான் தன்னைத் திரும்பிப் பார்க்க வைக்கும்?

தேங்காயும் மீனும் தவிர ஒன்றுமில்லாத நாடுகள் எதை வைத்து அரசாங்கம் நடத்துகின்றன? எல்லாம் வெளிநாட்டுப் பிச்சைதானா?
- வாசகர், ஈரோடு

‘பிச்சை’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தீவுகள் பற்றி நான் சொல்ல நினைப்பதே இதுதான்: இவற்றைத் தரையை வைத்து அளந்தால் ஒன்றும் புரியாது, கடலை வைத்து அளக்க வேண்டும்.

கிரிபாஸின் நிலம் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் ஒவ்வொரு தீவிலிருந்தும் 200 கடல் மைல் வரை அந்த நாட்டுக்குப் பொருளாதார உரிமை உண்டு என்று சர்வதேசக் கடல் சட்டம் சொல்கிறது. 33 தீவுகள் மூன்று கூட்டமாகச் சிதறிக் கிடப்பதால், கணக்குப் போட்டால் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் அவர்களுடையது. இந்தியாவின் நிலப்பரப்பு 32.87 லட்சம். இப்போது சொல்லுங்கள், அது குட்டி நாடா?

அந்தக் கடலில் சூரை மீன் ஓடுகிறது. டப்பாவில் அடைக்கிற சூரை வகையில் உலகத்துக்கு வேண்டியதில் சுமார் பாதி இந்தச் சில நாடுகளின் கடலிலிருந்து வருகிறது. ஆனால் ரொம்ப காலம் அதில் அவர்களுக்குக் கிடைத்தது சில்லறைதான். ஜப்பான், தைவான், கொரியா, அமெரிக்கக் கப்பல்கள் ஒவ்வொரு தீவு நாட்டிடமும் தனித்தனியாகப் பேரம் பேசின, ஒருவன் கொஞ்சம் முறுக்கினால் அடுத்தவனிடம் போவேன் என்றன. சூரை ஓடித்திரியும் மீன், அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்றே அமெரிக்கா வாதாடியது. 1984-ல் சாலமன் தீவுகள், தன் கடலில் மீன் பிடித்த ஒரு அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்தபோது, பதிலுக்கு அமெரிக்கா அந்த நாட்டு மீனை வாங்க மாட்டேன் என்று தடை போட்டது. அடுத்த வருஷம் கிரிபாஸ் ஒரு காரியம் செய்தது, சோவியத் யூனியனோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. பனிப்போர்க் காலம். வாஷிங்டன் விழித்துக்கொண்டது, 1987-ல் பசிபிக் நாடுகளோடு முறையான ஒப்பந்தத்துக்கு வந்து பணம் கட்ட ஒப்புக்கொண்டது.

அதைவிடப் பெரிய வேலை ஒற்றுமையில் நடந்தது. 1982-லேயே நவுருவில் ஒரு உடன்பாடு போட்டு வைத்திருந்தார்கள், இன்றைக்கு அதில் எட்டு நாடுகள். 2007 முதல் ‘கப்பல் நாள்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பிடித்த மீனுக்குக் காசு கிடையாது, எங்கள் கடலில் நீ நிற்கிற நாளுக்குக் காசு. மொத்தம் எத்தனை நாள் விற்பது என்று எட்டு நாடுகளும் கூடி முடிவு செய்து தங்களுக்குள் பிரித்துக்கொள்கின்றன. பெரிய கப்பல் என்றால் ஒரு நாள் ஒன்றரை நாளாகக் கணக்கு, சின்னதென்றால் அரை நாள். ஒவ்வொரு கப்பலையும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கிறார்கள், கப்பலுக்குள் ஒரு பார்வையாளரும் உட்கார்ந்திருப்பார். நம் கடற்கரையில் சண்டை மூட்டிக்கொண்டிருக்கும் சுருக்குமடி வலைதான் அங்கேயும், ஆனால் பிரமாண்டமான அளவில். மிதவை போட்டு மீனைக் கூட்டிப் பிடிப்பதற்கு வருஷத்தில் குறிப்பிட்ட காலம் தடையும் உண்டு. ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 8,000 அமெரிக்க டாலர் என்று 2015-ல் வைத்தார்கள். 2010 வாக்கில் எல்லாருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கோடி டாலர் வந்த இடத்தில் பிறகு ஐம்பது கோடி டாலர் அளவுக்கு வந்தது. கிரிபாஸ் அரசின் வருமானத்தில் பாதிக்குமேல் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. மீன் பெரும்பாலும் தாய்லாந்துக்குப் போய் அங்கே டப்பாவில் அடைபடுகிறது, வேலையும் லாபமும் அங்கே. தீவுகளில் படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அப்புறம், கடல் சூடாகச் சூடாக சூரைக் கூட்டம் கிழக்கே நகரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கு அது போய்விட்டால் கட்டணம் யாரிடம் கேட்பது? தீவு தேய்ந்தால் 200 மைல் கணக்கும் தேயுமா என்ற பயமும் இருந்தது. அதற்கு 2021-ல், பசிபிக் நாடுகளே சேர்ந்து வைத்திருக்கும் பசிபிக் தீவுகள் மன்றம் கூடி, ஒருமுறை அறிவித்த கடல் எல்லை கடல் மட்டம் உயர்ந்தாலும் மாறாது என்று பிரகடனம் செய்துவிட்டது.

உதவிப் பணம் வருவதும் உண்மை, நிறையவே வருகிறது. டோங்காவில் உள்நாட்டு உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமான தொகை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணமாக வருகிறது. அதையும் யாரும் பிச்சை என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா?

‘.டிவி’ என்று முடியும் இணைய முகவரியெல்லாம் துவாலுவுடையதாமே?
- கல்லூரி மாணவர், கோவை

ஆமாம். நாட்டுக்கு நாடு இரண்டு எழுத்து ஒதுக்கியபோது துவாலுவுக்கு வந்த எழுத்துகள் அவை, தொலைக்காட்சிக்காரர்கள் விரும்பும் எழுத்துகளாக அமைந்தது அதிர்ஷ்டம். 2000-ல் அதன் உரிமையைக் குத்தகைக்குக் கொடுத்து வந்த பணத்தில்தான் அதே ஆண்டு ஐ.நா. உறுப்பினரானார்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர் வருகிறது.

பதினோராயிரம் பேருக்கு ஒரு பிரதமர், ஒரு நாடாளுமன்றம்! எங்கள் பேரூராட்சியே அதைவிடப் பெரிது. எப்படி ஆட்சி நடக்கிறது?
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

துவாலுவில் 16 உறுப்பினர்கள், தீவுக்கு இரண்டு பேர் வீதம் எட்டுத் தொகுதிகள். கட்சியே கிடையாது. ஜெயித்து வந்த பிறகு கூடிப் பேசிப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாட்டின் தலைவர் பிரிட்டிஷ் மன்னர், அவர் சார்பில் ஒரு தலைமை ஆளுநர். 2024 ஜனவரித் தேர்தலில் அப்போதைய பிரதமர் தன் தொகுதியிலேயே தோற்றுப்போனார். புதிய பிரதமரை உடனே தேர்ந்தெடுக்க முடியவில்லை, காரணம், கடல் கொந்தளிப்பாக இருந்ததால் வெளித்தீவு உறுப்பினர்களைத் தலைநகரத்துக்குக் கொண்டுவரப் படகு போக முடியவில்லை. வாரக்கணக்கில் காத்திருந்து, பிப்ரவரி கடைசியில்தான் ஃபெலெட்டி தியோ போட்டியில்லாமல் பிரதமரானார்.

மற்ற நாடுகளில் வேறு வேறு மாதிரி. கிரிபாஸில் நாடாளுமன்றம் மூன்று நான்கு பேரை முன்மொழியும், அவர்களில் ஒருவரை மக்கள் நேரடியாக ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுப்பார்கள். சமோவாவில் குடும்பத் தலைவர் என்ற ‘மத்தாய்’ பட்டம் உள்ளவர்தான் தேர்தலில் நிற்க முடியும். டோங்காவில் மன்னராட்சி. அங்கே 2010 சீர்திருத்தத்துக்குப் பிறகு 17 பேரை மக்களும் 9 பேரைப் பிரபுக்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். பலாவில் மக்கள்தொகை பதினெட்டாயிரம்தான், ஆனால் 16 மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆளுநர், மேலே இரு அவை நாடாளுமன்றம். அது அதிகம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் ஒவ்வொரு மாநிலமும் பழைய ஊர்க் கூட்டமைப்பின் தொடர்ச்சி, அதைக் கலைத்துவிட்டு வேறு ஒன்றைத் திணித்தால் எத்தனை நாள் நிற்கும்?

கட்சி இல்லாததில் ஒரு தொல்லை உண்டு. உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் மனம் மாறினால் ஆட்சி கவிழ்ந்துவிடும். நவுரு இதில் ரொம்பக் கஷ்டப்பட்டது.

நவுரு ஒரு காலத்தில் உலகின் பணக்கார நாடாக இருந்து ஒன்றுமில்லாமல் போனது என்கிறார்களே, என்ன நடந்தது?
- வாசகி, மதுரை

21 சதுர கிலோமீட்டர் தீவு. சுற்றிவரச் சாலை 19 கிலோமீட்டர்தான். தலைநகரம் என்று அதிகாரபூர்வமாக எதுவும் கிடையாது, யாரேன் பகுதியில் நாடாளுமன்றம் இருக்கிறது. அந்தத் தீவின் மேட்டுப் பகுதி முழுக்க உயர்தரமான பாஸ்பேட், அதாவது உரத்துக்கான மூலப்பொருள். 1907 முதல் ஏற்றுமதி. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அதைத் தோண்டித் தங்கள் விவசாயிகளுக்கு மலிவு விலையில் கொடுத்தன. மண்ணுக்குச் சொந்தக்காரர்களுக்குப் போனது மிகச் சொற்பம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் 1,200 நவுரு மக்களை, இன்றைய மைக்ரோனேசியாவில் இருக்கும் ட்ருக் தீவுகளுக்கு நாடு கடத்தியது. உயிரோடு 737 பேர்தான் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வந்த நாள் 1946 ஜனவரி 31. 1968-ல் சுதந்திரத்துக்கும் அதே தேதியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சுரங்கம் கைக்கு வந்ததும் பணம் கொட்டியது. வரி கிடையாது, மருத்துவம், கல்வி இலவசம், சொந்த விமான நிறுவனம், மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். பாஸ்பேட் ஒருநாள் தீரும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்காகவே அறக்கட்டளை நிதியும் வைத்தார்கள். ஆனால் முதலீட்டு ஆலோசனை சொல்ல வந்தவர்கள் பலர் அவர்களை ஏமாற்றினார்கள், அரசாங்கமும் கைக்கு வந்தபடி செலவழித்தது, தொண்ணூறுகளில் கடன் வாங்கத் தொடங்கினார்கள். மெல்போர்ன் கட்டடம் 2004-ல் போனது. அடுத்த வருஷம், மிச்சமிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

‘ஆடம்பரத்தால் அழிந்தார்கள்’ என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தைத் தோண்டியாகிவிட்டது. பாஸ்பேட்டை அள்ளிய பிறகு மிஞ்சியது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கூரான சுண்ணாம்புத் தூண்கள், வெயிலில் தகிக்கும், நடக்கக்கூட முடியாது, ஒரு செடி வைக்க முடியாது. பாஸ்பேட் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுதந்திரத்துக்கு முன்பே போய்விட்டது. அந்த அழிவுக்காக நவுரு 1989-ல் ஆஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, 1993-ல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. தோட்டமும் போய், பணமும் வந்து, சாப்பாடு முழுக்க இறக்குமதி டப்பாவாக மாறியதில் சர்க்கரை நோய் அந்த மக்களைப் பிடித்துக்கொண்டது.

இப்போது மீன்பிடி உரிமம், ஆஸ்திரேலியாவின் பணம், 2025 முதல் ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுப்பவர்களுக்குக் குடியுரிமை என்று ஓட்டுகிறார்கள். ஆழ்கடல் அடியில் உலோக உருண்டைகளைத் தோண்டவும் முன்னால் நிற்கிறார்கள். பலாவும் பிஜியும் அதை நிறுத்தி வைக்கச் சொல்கின்றன. இந்த விஷயத்தில் நான் பலாவ் பக்கம். ஒருமுறை தோண்டிக் கெட்ட நாடு மறுபடி தோண்டத்தான் வேண்டியிருக்கிறது என்பது வேதனையாக இருக்கிறது.

ஐயா, படகில் ஆஸ்திரேலியா போன எங்கள் ஆட்களை நவுருவில்தானே வைத்திருந்தார்கள்?
- வாசகர், மட்டக்களப்பு

ஆமாம். 2001-ல் ஆஸ்திரேலியா அங்கே முகாம் தொடங்கியது. 2007-ல் எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கையரை அங்கே அனுப்பினார்கள், பெரும்பாலும் தமிழர்கள். 2008-ல் மூடி, 2012 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது முதலில் இறக்கப்பட்டவர்களும் இலங்கையர்தான். அகதிகள் என்று உறுதியான பிறகும் அவர்களில் பலருக்கு ஆஸ்திரேலியக் கரை கிடைக்கவில்லை. சிலர் வருஷக்கணக்கில் கூடாரத்தில் கிடந்தார்கள். பணம் இல்லாத ஒரு தீவை, இடம் இல்லாத மனிதர்களை அடைக்கும் இடமாக ஒரு பணக்கார நாடு வாடகைக்கு எடுத்தது. நவுருவை இதில் குறை சொல்ல முடியும், ஆனால் முதல் பொறுப்பு அவர்களுடையது அல்ல.

இவ்வளவு கஷ்டத்துக்கு இந்த மக்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்துவிட்டால் என்ன?
- வாசகர், சென்னை

அந்த யோசனை பழசு. 1960-களில் நவுரு மக்கள் அத்தனை பேரையும் குயின்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கர்டிஸ் தீவில் குடியேற்றுவதாக ஆஸ்திரேலியா சொன்னது. தனி நாடாக இருக்க முடியாது, ஆஸ்திரேலியராக மாறிவிட வேண்டும் என்றதால் நவுரு தலைவர் ஹேமர் டிரோபர்ட் தலைமையில் மறுத்துவிட்டார்கள். கிரிபாஸைச் சேர்ந்த பனாபா தீவுக்காரர்களின் கதையைப் பாருங்கள். அவர்கள் தீவிலும் பாஸ்பேட் எடுத்தார்கள், 1945-ல் மக்களை பிஜியின் ராபி தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இன்றும் அவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான், ஆனால் தங்களைப் பனாபாக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

துவாலு ஒப்பந்தத்துக்கு 2025-ல் நடந்த முதல் குலுக்கலில் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவு செய்தார்கள் என்பது உண்மை. நாட்டில் முக்கால்வாசிப் பேர். ஆனால் விசா வாங்குவதும் நாட்டை விடுவதும் ஒன்றல்ல, அதில் போகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். பாதுகாப்பு விஷயத்தில் வேறு நாட்டோடு ஒப்பந்தம் செய்தால் ஆஸ்திரேலியாவைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது, அது எனக்கு உறுத்துகிறது. இன்னொரு பக்கம், நிலமே போனாலும் துவாலு என்ற நாடு நிரந்தரமாக இருக்கும் என்று 2023-ல் அரசியல் சாசனத்தையே திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

போராடாமலும் இல்லை. 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த மாணவர்கள் சிலர், பருவநிலைக்கு நாடுகள் சட்டப்படி பொறுப்பா இல்லையா என்று உலக நீதிமன்றத்தையே கேட்கலாமே என்று கிளப்பினார்கள். வனுவாட்டு அதைக் கையில் எடுத்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக அனுப்பி வைத்தது, 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் சொன்னது: ஆம், நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு, மீறினால் இழப்பீடும் கேட்கப்படலாம். உலகத்தின் கரியமில வாயுவில் இந்தக் குட்டி நாடுகளின் பங்கு 0.1 சதவீதம்கூட இல்லை. நிலக்கரி எரிக்கிற நாமும் வாசிக்க வேண்டிய கருத்துரை அது.

துவாலுவுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. போக முடியுமா?
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

தாராளமாக. சிங்கப்பூர் வழியாக பிஜியின் நாந்திக்குப் போய், அங்கிருந்து சுவா, சுவாவிலிருந்து ஃபுனாஃபுட்டி. வாரத்தில் சில நாள் மட்டும் விமானம், அதனால் திரும்பும் நாளை இறுக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாந்தியில் நேரம் கிடைத்தால் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போய் வாருங்கள். 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களின் வழிவந்தவர்கள் கட்டியது, இப்போதைய கோபுரம் 1994-ல் எழுந்தது.

துவாலுவில் செலவாகும் பணம் ஆஸ்திரேலிய டாலர். முதல் ஏடிஎம்மே 2025 ஏப்ரலில்தான் வந்தது, கையில் ரொக்கம் எடுத்துப்போங்கள். விமான ஓடுதளம் 1943-ல் அமெரிக்கப் படை போட்டது. விமானம் வருவதற்கு முன் சங்கு ஊதுவார்கள், எல்லாரும் ஒதுங்குவார்கள். மற்ற நேரத்தில் அதுதான் ஊர் மைதானம், சாயங்காலம் கால்பந்தும் கைப்பந்தும் நடக்கும், புழுக்கமான இரவுகளில் பாய் கொண்டுவந்து படுப்பவர்களும் உண்டு. மாத்திரை மருந்துகளைக் கணக்குக்கு மேல் எடுத்துப்போங்கள், ஊரில் ஒரே மருத்துவமனைதான், பெரிய வைத்தியம் என்றால் பிஜிக்குத்தான் அனுப்புவார்கள். பெரிய ஓதத்தைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி, மார்ச்.